அவளுக்கு மட்டும் ஏன் இரத்தச் சோதனை?

இப்போது உங்கள் கிளினிக்குக்கு ஒரு கர்ப்பிணி முதல் நாள் வரும்போதே இரத்தம் எடுத்துவிடுகிறீர்கள். இரத்தவகை, சீனி, இரும்புச்சத்து என்று பார்ப்பவற்றோடு எச்.ஐ.வி.யும் சேர்ந்து போகிறது. "எல்லா அம்மாமாருக்கும் பாக்கிறதுதான்" என்று நீங்கள் சொல்லி முடிக்குமுன் அவள் கையை நீட்டிவிடுகிறாள். இளைய மருத்துவிச்சிமாரே, அந்த "எல்லா" என்பது எவ்வளவு பெரிய சொல் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். நான் வேலை செய்த யுத்த காலத்தில் அது எங்களிடம் இருக்கவில்லை. யாரில் சந்தேகமோ அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தனியாகச் சொல்லி, தனியாக நகரத்துக்கு அனுப்பவேண்டும். அவள் திரும்பி வருவதற்குள் ஊர் கேட்டுவிடும்: "அவளுக்கு மட்டும் ஏன்?"

அந்தக் கேள்விக்கு அகப்படாமல் ஒருத்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்த கதையைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவளை மலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய பகுதி மூதூரிலிருந்து வெருகல் பக்கமாகப் போகும் வழியில் உள்ள சில கிராமங்கள். போர்நிறுத்தம் பெயருக்கு மட்டும் இருந்த காலம் அது. எங்களுக்குப் பெரிய வைத்தியசாலை என்றால் குடாவுக்கு அக்கரையில், திருகோணமலையில். மூதூரில் லோஞ்ச் படகில் ஏறினால் துறைமுகத்தில் இறங்கலாம். கடல் நல்லாக இருந்து, கடற்படையும் விட்டால்தான் அந்தப் பயணம். இரண்டில் ஒன்று கெட்டாலும் வயிற்றோடு வந்த பெண் திரும்பி வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

மலர் முதல் தடவை கிளினிக்குக்கு வந்தபோது ஐந்து மாதம். ஏன் இவ்வளவு பிந்தினாய் என்று கேட்டேன். இரண்டு தடவை வெளிக்கிட்டவளாம். ஒருமுறை பாதை பூட்டு, மறுமுறை எங்கள் கிளினிக் நடந்த பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த சனம் வந்து இருந்தது. அவளைத் திட்ட ஒன்றும் இருக்கவில்லை. எடை பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, வழக்கமாகக் கேட்பதுபோல புருசன் என்ன வேலை என்று கேட்டேன்.

"வெளியில இருந்தவர் மிஸ்ஸி. மேசன் வேலை. ரெண்டாந்தரம் விசா புதுப்பிக்கப் போன இடத்தில மெடிக்கல் பெயில் எண்டு உடன பிளேனில ஏத்தி விட்டிட்டினம். என்ன வருத்தம் எண்டும் சொல்லேல்லையாம். பாருங்கோ, நல்ல சுகமாத்தானே இருக்கிறார்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் முகத்தை மாற்றாமல் குனிந்து அளவுநாடாவைச் சுருட்டினேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் நகரத்தில் எங்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. பாலியல் நோய்க் கிளினிக்கில் இருந்த சிங்கள டொக்டர் ஒருவர், தட்டுத்தடுமாறித் தமிழில், "காரணம் சொல்லாமல் வெளிநாட்டில இருந்து திருப்பி அனுப்பினா, கொஞ்சம் யோசிங்கோ" என்று சொல்லியிருந்தார். தாய்க்கு நேரத்தோடு தெரிந்தால் பிள்ளையைக் காப்பாற்ற மருந்து இருக்கிறது என்றும் சொன்னார்.

ஆனால் மெடிக்கலில் தவறிய எல்லாருக்கும் இந்த நோய் என்றில்லை. பழைய சயரோகத் தழும்பாக இருக்கலாம், ஈரலில் ஏதாவது இருக்கலாம். சந்தேகத்தை அவளிடம் கொட்டிவிட்டு, பிறகு அப்படி ஒன்றும் இல்லை என்று வந்தால், உடைந்த குடும்பத்தை யார் ஒட்டுவது? பேசாமல் விட்டுவிட்டு, பிறகு இருக்கிறது என்று வந்தால்? வயிற்றில் இருக்கும் பிள்ளை நான் யோசித்து முடிக்கும்வரை காத்திருக்காது. முதலில் அந்த மனிசனைப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

தவம் என்று அவனுக்குப் பெயர் வைப்போம். முப்பது வயதுக்குள் இருக்கும். ஒரு வீட்டுக்குக் கிணற்றுக்கட்டு கட்டிக்கொண்டிருந்தான். சைக்கிளை நிறுத்தி, குடிக்கத் தண்ணீர் கேட்டேன். மற்ற ஆட்கள் தள்ளிப் போகும்வரை வேறு கதை கதைத்தேன். பிறகு, "தம்பி, அங்க மெடிக்கலில என்ன சொன்னவை?" என்று கேட்டேன்.

அவன் கையில் இருந்த மட்டப்பலகையைக் கீழே வைத்தான். "ஏன் கேக்கிறீங்கள்?"

"மலருக்குச் சில சோதினைகள் செய்யவேணும். அதுக்கு முதல் உங்களிட்டைக் கேட்டா நல்லம் எண்டு நினைச்சனான்."

அவன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். இரத்தம் எடுத்த இரண்டாம் நாள் அவனைத் தனி அறையில் போட்டுப் பூட்டினார்களாம். சாப்பாட்டைக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டார்களாம். உடுப்பை எடுக்கக்கூட விடாமல் விமானத்தில் ஏற்றினார்களாம்.

"சும்மா வருத்தத்துக்கு அப்பிடிச் செய்வாங்களோ மிஸ்ஸி? எனக்கு விளங்கினது. ஆனா விளங்கேல்லை எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன்."

"இஞ்ச வந்து சோதிச்சுப் பாக்கலாந்தானே?"

"எங்க போறது? கொழும்புக்குப் போனா என்னத்துக்கு வந்தனீ எண்டு பொலிஸ் கேக்கும். திருகோணமலையில அந்தக் கிளினிக் வாசலில நிண்டா ஊர்ச்சனம் ஆரும் காணும். ஒரு நாள் வாசல் வரைக்கும் போனனான். எங்கட ஊர் ஆட்டோக்காரன் எதிரில வந்தான். திரும்பி வந்திட்டன்." கண்ணைத் துடைத்த கையில் இருந்த சீமெந்து முகத்தில் ஒட்டியது. "சொன்னா அவள் போயிடுவாள். சொல்லாட்டி பிள்ளை போயிடும். நான் என்ன செய்யிறது?"

அவனைத் திட்ட எனக்கு வாய் துடித்தது. தெரிந்துகொண்டே அந்தப் பெண்ணோடு எப்படியடா இருந்தாய் என்று கேட்க வந்த சொல்லை விழுங்கினேன். ஏனென்றால் அவன் இப்போது கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தான். நான் ஒரு சத்தம் போட்டால் சாத்திக்கொண்டு ஓடிவிடுவான். அவன் ஓடினால் அவளும் எனக்கு அகப்படமாட்டாள். கோபப்பட உங்களுக்கு நியாயம் இருக்கும் நாட்களிலும், முதலில் யாருக்கு நேரம் குறைவு என்று பாருங்கள். அன்றைக்கு நேரம் குறைவாக இருந்தது பிள்ளைக்கு.

"நான் மலரிட்டைச் சொல்லமாட்டன்," என்றேன். "அதை நீங்கள்தான் சொல்லவேணும். ஆனா கெதியாச் சொல்லவேணும்."

"எனக்கு ஏலாது மிஸ்ஸி. நீங்கள் பக்கத்தில இருப்பீங்களோ?"

அடுத்த கிளினிக் நாள், எல்லாரும் போன பிறகு, பள்ளிக்கூட வகுப்பறையில் நாங்கள் மூன்று பேரும் சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். வெளியே நல்ல வெயில். தவம் இரண்டு தடவை தொடங்கி நிறுத்தினான். மூன்றாம் தடவை, தலையைக் குனிந்தபடியே, முழுவதையும் சொல்லிவிட்டான்.

மலர் அழவில்லை. "எப்ப தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"வந்த நாளில இருந்து ஒரு சந்தேகம்."

"வந்த நாளில இருந்து," என்று அவளும் சொன்னாள். வயிற்றின்மேல் இருந்த கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள். "பிள்ளைக்கு மருந்து இருக்கோ மிஸ்ஸி?"

"இருக்கு. ஆனா முதல் உன்ரை இரத்தத்தைப் பாக்கவேணும். உனக்கு இல்லாமலும் இருக்கலாம்."

"அப்ப எப்ப போறம்?"

அவ்வளவுதான். கட்டிப்பிடித்துக் கொள்ளமாட்டார்களா, அடித்துக்கொள்ளவாவது மாட்டார்களா என்று நான் காத்திருந்தேன். அவள் எழும்பிச் சேலையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவன் தூரத்தில் பின்னால் போனான். அன்றிலிருந்து அவள் அவனோடு கதைப்பதில்லை என்று பிறகு தெரிந்தது. சமைத்து வைப்பாள், கதைக்கமாட்டாள். என்ன சண்டை என்று மாமியார் கேட்டுக் களைத்துப்போனார்.

நோய் உண்டோ இல்லையோ, ஒருத்தியை மட்டும் இரத்தம் எடுக்க அக்கரைக்குக் கூட்டிப்போனால் ஊர்க்கதை தொடங்கிவிடும். எங்கள் கிளினிக் டொக்டரிடம் போய், நகரத்துக்கு அனுப்பவேண்டிய வேறு தாய்மார் யார் யார் என்று கேட்டேன். ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை. ஒருத்திக்கு இருதயத்தில் ஏதோ சத்தம். மூதூர் முஸ்லிம் பெண் ஒருத்திக்கு முதல் இரண்டும் கலைந்து போனது. எல்லாரையும் ஒரே நாளில் கூட்டிப்போக ஒழுங்கு செய்தேன். லோஞ்சில் ஆளுக்கு ஆள் பலகாரம் மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டு போனார்கள். யாருக்கு வயிறு பெரியது என்று பகிடி விட்டார்கள். மலரும் ஒருமுறை சிரித்ததைப் பார்த்தேன்.

நகரத்தில் மற்றவர்கள் ஸ்கானுக்கு வரிசையில் நிற்க, மலரை மட்டும் அந்தச் சிங்கள டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, எதிரே உட்காராமல் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். எந்தச் சோதனை, ஏன், மறுக்க அவளுக்கு உரிமை உண்டு என்று எல்லாம் சொன்னார். தமிழ்ச்சொல் வராத இடத்தில் என்னைப் பார்த்தார். மலர் கையை நீட்டினாள். இரத்தம் கொழும்புக்குப் போய் முடிவு வரச் சில கிழமைகள் ஆகும் என்றார்.

அந்தச் சில கிழமைகளுக்குள்தான் நிலைமை கெட்டது. குடாவில் சண்டை என்று லோஞ்ச் நின்றது. இரவில் ஷெல் சத்தம் கேட்கத் தொடங்கியது. முடிவு அக்கரையில், மலர் இக்கரையில். மருந்து தொடங்கவேண்டிய மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. மூதூரில் ஒரு கொமியூனிகேசன் கடையில்தான் தொலைபேசி வேலை செய்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்க வந்த சனம் வாசல்வரை நின்றது. இரகசியம் என்று ஒன்றும் இல்லாத இடம். ஒருவர் கதைப்பதை எல்லாரும் கேட்பார்கள். அங்கிருந்துதான் அந்தச் சிங்கள டொக்டருக்கு எடுத்தேன். அவருக்கும் அது விளங்கியிருக்கவேண்டும்.

"மிஸ், நீங்கள் கூட்டிவந்த அம்மாமாரில ஒரு ஆள் திரும்பி வரவேணும்," என்றார். "எனக்கு நேரில பேசவேணும். தாமதம் வேண்டாம்."

யார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. "ஓம் டொக்டர், நானே கூட்டிக்கொண்டு வாறன்," என்று வைத்துவிட்டேன்.

கடைக்காரர் விடவில்லை. "ஆருக்கு மிஸ்ஸி, என்ன வருத்தமாம்?"

"பிள்ளைத்தாச்சி ஒருத்திக்கு இரத்தம் பத்தாதாம்," என்றேன். பாதி ஊருக்கு அந்த நாளில் இரத்தம் பத்தாது. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கடல் இல்லையென்றால் கந்தளாய் வழியாகச் சுற்றிப் போகும் தரைப்பாதைதான். அம்புலன்ஸ் ஒன்று போகிறது என்று கேள்விப்பட்டு, மலரை அதில் ஏற்றினேன். தவமும் ஏறினான். வழியில் பெரிய சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரர் ஒருவர் தவத்தின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவர் போகமுடியாது என்றார். மலரைக் காட்டி, "என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

"பிள்ளைத்தாச்சி," என்றேன்.

"பிள்ளை பிறக்க இன்னும் நாள் இருக்குதானே. என்ன வருத்தம்?"

அம்புலன்ஸ் சாரதி என் காதுக்குப் பக்கத்தில் வந்தார். அவருக்கு உண்மை ஒன்றும் தெரியாது. வெயிலில் நின்று அலுத்துப்போய்ச் சொன்னார்: "தொத்து வருத்தம் எண்டு சொல்லுங்கோ மிஸ்ஸி. பயந்து உடன விட்டிடுவாங்கள்."

சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள்தான். ஆனால் அங்கே நின்ற பஸ்சில் எங்கள் பக்கத்துச் சனமும் இருந்தது. மலர் அந்தப் பாதையால் திரும்பி வரவேண்டியவள். ஒரு நாள் அவசரத்துக்குச் சொல்லும் பொய்யை அவள் வாழ்நாள் முழுக்கச் சுமக்கவேண்டி வரும். அது முழுப் பொய்யாகவும் இராது என்பது இன்னும் மோசம். "பெரிய டொக்டர் பாக்கவேணும் எண்டவர். எனக்கு அவ்வளவுதான் தெரியும்," என்று அரைகுறைச் சிங்களத்தில் திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அவர் எங்களை ஒரு ஓரத்தில் நிற்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மலர் என் குடைக்குக் கீழே நின்றாள். கால் வீங்கத் தொடங்கியது. பெண் சிப்பாய் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். அவளே உள்ளே போய் என்னவோ கதைத்திருக்கவேண்டும். கடைசியில் அம்புலன்சைப் போகவிட்டார்கள். தவத்தை விடவில்லை.

வண்டி புறப்பட்டபோது அவன் கம்பிவேலிக்குப் பக்கத்தில் நின்றான். மலர் திடீரென்று யன்னலால் தலையை நீட்டினாள்.

"மாமிக்குக் குளிசை முடியப்போகுது. வாங்கிக் குடுங்கோ. நீங்களும் வெயிலில நிக்காமப் போய்ச் சாப்பிடுங்கோ."

பள்ளிக்கூடத்தில் இருந்து எழும்பிப் போன நாளுக்குப் பிறகு அவனோடு அவள் பேசிய முதல் பேச்சு அது. அவன் பதில் சொல்லுமுன் வண்டி திரும்பிவிட்டது. மலர் அப்போதுதான் அழுதாள். கந்தளாய்க் குளம் தாண்டும்வரை அழுதாள். நான் அவள் முதுகில் கைவைத்தபடி இருந்தேன்.

முடிவு நீங்கள் ஊகித்ததுதான். மலருக்கும் இருந்தது. டொக்டர் முடிவைச் சொன்னார். பிள்ளைக்கு எப்படி மருந்து, எப்படிப் பிரசவம், எந்தப் பால், தொட்டால் தொற்றாது, ஒரே கோப்பையில் குடித்தால் தொற்றாது, முத்தமிட்டுக் கொஞ்சினால் தொற்றாது என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். மலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அன்றைக்கே குளிசை தொடங்கியது. நகரத்தில் அவளுடைய சித்தி வீட்டில் நின்றாள். கடைசியில் வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. நல்ல நிறை.

பாதை திறந்து ஊருக்கு வந்தவுடன் அடுத்த பிரச்சினை வீட்டு வாசலிலேயே நின்றது. புட்டியைக் கண்டதும் மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த ஊர் முழுக்கத் தாய்ப்பால், தாய்ப்பால் எண்டு சொல்லித் திரிஞ்சது நீங்கள்தானே மிஸ்ஸி? இப்ப என்ர பேத்திக்கு மட்டும் மாப்பாலோ?"

"ஓம் மாமி, நான்தான் சொன்னனான்," என்றேன். "இப்பவும் நான்தான் சொல்லுறன். மலர் குடிக்கிற மருந்து கடுமையான மருந்து. அவளின்ரை பால் இந்தப் பிள்ளைக்கு ஆகாது. இவளைப் பட்டினி போடாமல் காப்பாத்தவேணும் எண்டா, தண்ணியை நல்லாக் கொதிக்கவைச்சுப் புட்டியைக் கழுவ ஒரு பொறுப்பான ஆள் வேணும். உங்களுக்கு ஏலுமோ?"

அந்த மனிசி என்னை உற்றுப் பார்த்தார். எவ்வளவு விளங்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் புட்டியை வேறு யாரும் தொட விடவில்லை. பிறகு அவர்கள் இடம்பெயர்ந்து ஒரு கோயில் மண்டபத்தில் இருந்த நாட்களில், நான் பார்க்கப் போனபோது, அத்தனை சனத்துக்கும் நடுவில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி, அவர் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். "தாய் பால் குடுக்கிறேல்லையோ?" என்று யாரோ கேட்டார்கள். "அவளுக்கு மருந்து. உனக்கு என்ன?" என்றார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

தவமும் மருந்து தொடங்கினான். அவனும் அவளும் ஒருவரையொருவர் எப்படி மன்னித்தார்கள், மன்னித்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் கிளினிக்குக்கு இருவரும் ஒரே சைக்கிளில் வந்தார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பிள்ளைக்கு ஒன்றரை வயதானபோது கடைசிச் சோதனை. முடிவு சொல்லும் நாளில் நானும் போயிருந்தேன். பிள்ளை டொக்டரின் மேசையில் இருந்த பேனையைப் பறித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. டொக்டருடைய தமிழ் அதற்குள் நல்லாகத் திருந்தியிருந்தது. "பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. சுத்தமா ஒண்டும் இல்லை," என்றார். மலர், பள்ளிக்கூடப் பிள்ளை ஆசிரியரிடம் கேட்பதுபோல, மெல்லக் கேட்டாள்.

"அப்ப இனி நான் பிள்ளையைக் கொஞ்சலாமோ டொக்டர்?"

டொக்டர் என்னைப் பார்த்தார். தமிழ் விளங்காமல் பார்க்கவில்லை. அவளுக்கு நோய் இருக்கிறது என்று சொன்ன அன்றே அதையும் அவர் அவளுக்குச் சொல்லியிருந்தார். நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன், அவள் தலையாட்டியதையும் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு அவள் காதில் "இருக்கு" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் விழவில்லை. தூக்கினாள், குளிப்பாட்டினாள், தாலாட்டினாள். ஒன்றரை வருடமாக அந்தப் பிள்ளையின் கன்னத்தில் வாய் வைக்காமலே வளர்த்திருக்கிறாள்.

இளைய மருத்துவிச்சிமாரே, கெட்ட செய்தி சொன்ன நாளில் நீங்கள் சொல்லும் வேறெதையும் சொன்னதாக எண்ணவேண்டாம். அடுத்த கிழமை போங்கள். அதற்கடுத்த கிழமையும் போங்கள். போய் முதலில் இருந்து சொல்லுங்கள்.

"கொஞ்சுங்கோ," என்றார் டொக்டர். "எப்பவும் கொஞ்சலாம். இப்ப கொஞ்சுங்கோ."

மலர் பிள்ளையின் வாயில் இருந்து பேனையை எடுத்து மேசையில் வைத்தாள். முந்தானையால் தன் வாயைத் துடைத்தாள். பிறகு பிள்ளையின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். பிள்ளை கூசிச் சிரிக்கத் தொடங்கியது. அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார். டொக்டர் மணியை அடிக்கவில்லை.